ஞாபகப் பிசகு: எம்டன் போட்ட குண்டும் ஆயா சொன்ன கதையும்

தமிழில் மறதிக்குச் சொற்பஞ்சம் கிடையாது. மறதி, மறப்பு, மறவி, ஞாபகமறதி, கைமறதி என்று வரிசையாகச் சொல்லலாம். வள்ளுவர் ஒரு படி மேலே போய், மிதப்பில் வருகிற மறதிக்குப் 'பொச்சாப்பு' என்று தனிப் பெயர் வைத்து, அது கூடாது என்று ஓர் அதிகாரமே எழுதிவிட்டார். ஆனால் இவை எல்லாம் ஒன்று நினைவிலிருந்து போய்விட்டதைச் சொல்கிற சொற்கள். போகாமல் இருந்து, ஆனால் தப்பாக இருக்கிற நினைவை என்னவென்று சொல்வது?

அதற்கும் நம் பெரியவர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். 'ஞாபகப் பிசகு.' பழைய கடிதங்களில் அடிக்கடி வரும். "ஞாபகப் பிசகாகத் தேதியை மாற்றி எழுதிவிட்டேன், க்ஷமிக்கவும்" என்று எழுதுவார்கள். இன்று யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு இந்தச் சொல் மேல் ஒரு மரியாதை உண்டு. கை பிசகிக்கொண்டது, கால் பிசகிக்கொண்டது என்கிறோம் அல்லவா? பிசகின இடத்தில் எலும்பு காணாமல் போவதில்லை. எலும்பு அங்கேதான் இருக்கும், இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். புத்தூர் கட்டுப் போடுகிறவர் அதைத் தடவிப் பார்த்து, பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவார். நினைவு தப்பாவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

மறந்தவனுக்குத் தான் மறந்தது தெரியும். "தெரியலையே சாமி" என்று கையை விரித்துவிடுவான். பிசகாக நினைவு வைத்திருப்பவனுக்கு அது தெரியாது. அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது இதற்கு உலகம் முழுக்க ஒரு புதுப் பெயர் ஓடுகிறது, 'மண்டேலா விளைவு' என்று. நெல்சன் மண்டேலா 1980களிலேயே சிறையில் இறந்துவிட்டார், அவருடைய இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம் என்று பல பேருக்கு நினைவு இருந்ததாம். அவரோ 1990 பிப்ரவரி 11ஆம் தேதி விடுதலையாகி, 1994ல் நாட்டின் ஜனாதிபதியாகி, 2013 டிசம்பர் 5ஆம் தேதிதான் காலமானார். ஃபியோனா புரூம் என்ற அமெரிக்கப் பெண்மணி சுமார் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். அதன் பிறகு சிலர், வேறொரு உலகத்தில் அவர் உண்மையாகவே இறந்திருப்பார், அந்த உலகத்து நினைவு இங்கே கசிந்திருக்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். ஒரு சாதாரணப் பிசகுக்கு இவ்வளவு பெரிய கட்டு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

மண்டேலா வரைக்கும் போவானேன்? நம் சென்னையிலேயே ஓர் அருமையான ஞாபகப் பிசகு இருக்கிறது. அதன் பெயர் எம்டன்.

"அவன் பெரிய எம்டன்" என்றால் நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் புரியும். எமகாதகன், கண்டிப்பானவன், யாருக்கும் அசராதவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு அதுதான் பட்டப்பெயர். மலையாளத்தில் இதையே 'யமண்டன்' என்று ஆக்கி, மிகப் பெரியது என்கிற பொருளில் வைத்துக்கொண்டார்கள். இலங்கையிலும் இந்தச் சொல் வழங்குகிறது. எமனோடு தொடர்புள்ள பழந்தமிழ்ச் சொல் என்றுகூடப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2006ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று இருந்த காலம் அது. எம்டன் தமிழ் இல்லை என்று சொல்லப்போக, நடுவில் இரண்டு எழுத்தைத் தூக்கிவிட்டு 'எம் மகன்' என்று வெளியிட்டார்கள். எம்டன் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்தான் 1914ல் நம் கடற்கரைக்கு வந்தது.

நான் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகப் பல வருடம் இருந்தவன். வளாகத்தின் கிழக்கு மதில் பக்கம் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பக்கம் நடந்து போவேன். வெளியூரிலிருந்து வழக்குக்கு வந்தவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கியிருக்கிறேன். "ஜப்பான்காரன் குண்டு போட்ட இடம் இதுதான்" என்பார் ஒருவர். "இல்லை இல்லை, நம்ம செண்பகராமன் போட்டது" என்பார் இன்னொருவர். கல்லில் ஜெர்மன் கப்பல் என்று தெளிவாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஜப்பான்காரன் கட்சிதான். அப்பாவின் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவோம். ஆயா 1906ல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, 1984ல் அதே ஜார்ஜ் டவுனில் காலமானாள். எம்டன் கதையை அவள் எனக்குக் குறைந்தது ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

"அந்த ஜப்பான்காரன் எம்டன் கப்பல்ல வந்து சுட்டான் பாரு, அன்னிக்கு எங்க வூட்ல கொலு. டமால்னு சத்தம். எங்க நைனா என்னைத் தோள்ல தூக்கிக்கினு ஓடினாரு. கிரசின் டேங்கு எரியுது, வானமே பொழுது விடியற மாதிரி செவந்து கெடக்குது. தெரு வெளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிப்புட்டாங்க. மிருகக் கண்காட்சியில சிங்கம் புலியெல்லாம் சுட்டுப்புட்டாங்க, அவுந்துக்கினு ஊருக்குள்ள வந்துடும்னு. மறுநா காலையில மூட்டை கட்டிக்கினு வாலாஜா போயிட்டோம். என்னா வெயிலு, என்னா வெயிலு!"

இந்த இடத்தில் எப்போதும் பெரியப்பா குறுக்கே வருவார். "ஏம்மா, எம்டன் வந்தப்ப ஜப்பான்காரன் எங்கேம்மா வந்தான்? புலியைச் சுட்டது நாற்பத்திரண்டுல. எனக்கே பதினாலு வயசு. எல்லாத்தையும் போட்டுக் குழப்பாதே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆயா முகம் சுருங்கிவிடும். "நான் கண்ணால பார்த்தேண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வாள். அவள் சொன்னது எல்லாமே கட்டுக்கதை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் அவள் எது சொன்னாலும், "ஆயா எம்டன் கதை சொல்றா" என்பது எங்கள் வீட்டுப் பழமொழி ஆகிவிட்டது.

நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன்.

எம்டன் 1909லிருந்து ஜெர்மன் கடற்படையில் இருந்த ஓர் இலகு ரகக் குரூசர். பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர் வாய். சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதற்கு இருப்பிடம். 1914 ஜூலை 31ஆம் தேதி, முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில், அங்கிருந்து கிளம்பியது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். ஆகஸ்டு நடுவில் அட்மிரல் ஷ்பேயின் கப்பற்படையிலிருந்து தனியாகப் பிரிந்து, நிலக்கரி ஏற்றிய ஒரு துணைக் கப்பலோடு இந்துமகா சமுத்திரத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பல் அது. முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி வைத்து, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரியும்படி செய்தார். செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து வங்காள விரிகுடாவில் வரிசையாகச் சரக்குக் கப்பல்களைப் பிடித்தார். ஆட்களை இறக்கிக்கொண்டு கப்பல்களை மூழ்கடித்தார். மனிதர்களைக் கௌரவமாக நடத்தினார் என்று எதிரிப் பத்திரிகைகளே எழுதின.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கட்டிடத்தின் உச்சியில்தான் அப்போது கலங்கரை விளக்கம். 1894லிருந்து 1977 வரை அங்கேதான் இருந்தது. இலக்குப் பார்ப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தேடுவிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலிலும் குண்டு பட்டது. நகரத்துக்குள்ளும் சில விழுந்தன. குறைந்தது ஐந்து பேராவது இறந்தார்கள். கரையிலிருந்து நம் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டதில் ஒன்றும் கப்பல் மேல் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் போய்விட்டது.

சேதம் பெரிதல்ல. பயம்தான் பெரிது. பிரிட்டிஷ்காரன் கடலைக் காப்பான் என்ற நம்பிக்கை ஓர் இரவில் போய்விட்டது. ஆயிரக்கணக்கான பேர் ஊரைக் காலி செய்தார்கள். முல்லருக்கு வேண்டியதும் அதுதான்.

கப்பலின் கதை அதிக நாள் நீடிக்கவில்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில், ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' எம்டனைச் சல்லடையாகத் துளைத்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போரில் ஜப்பான் பிரிட்டனின் பக்கம். 'சிட்னி' எந்தப் படகு வரிசைக்குக் காவலாக வந்ததோ, அதே வரிசைக்கு 'இபுகி' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலும் காவலாக வந்தது. எம்டனின் தாய்வீடான சிங்தாவைப் பிடித்ததும் ஜப்பான்காரர்கள்தான். ஆக, ஆயா கதையில் எம்டனை ஓட்டிக்கொண்டு வந்த ஜப்பான்காரன், உண்மையில் எம்டனைத் துரத்தின கட்சிக்காரன்.

இரண்டாவது பயம் இருபத்தெட்டு வருடம் கழித்து வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று எல்லாரும் நம்பினார்கள். அவசியம் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அலுவலகங்களை உள்ளூர்களுக்கு மாற்றினார்கள். ஏ.ஆர்.பி. ஆட்கள் தெருத்தெருவாக வந்து விளக்கை மறைக்கச் சொன்னார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி முதலானவற்றைச் சுட்டுக் கொன்றது அப்போதுதான். அந்த முறை சென்னையில் குண்டு விழவில்லை. 1943 அக்டோபரில், யாரும் எதிர்பார்க்காத ஒரு நாள், ஜப்பானிய விமானம் ஒன்று வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது.

இப்போது ஆயா சொன்னதை எடுத்து, ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஜப்பான்காரன், கறுப்புக் காகிதம், சிங்கம் புலி, கடும் வெயில், வாலாஜா பயணம் எல்லாம் 1942. ஏப்ரல் மாதம், பங்குனி வெயில் கொளுத்துகிற நேரம். கப்பல், டமால் சத்தம், எரிகிற எண்ணெய்த் தொட்டி, சிவந்த வானம் எல்லாம் 1914. இதில் பெரியப்பா சொன்னது சரிதான், குழப்பம் உண்டு. ஆனால் அவரும் சிரித்த மற்றவர்களும் கவனிக்காமல் விட்டவை இரண்டு.

ஒன்று, தோள். 1942ல் ஆயாவுக்கு முப்பத்தாறு வயது, நாலு பிள்ளை பெற்றவள். அவளை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியாது. அவளுடைய நைனாவும் அப்போது உயிரோடு இல்லை. எட்டு வயதுப் பெண்ணைத்தான் தகப்பன் தோளில் வைத்துக்கொள்வான்.

இரண்டாவது, கொலு. இதை நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கண்டுகொண்டேன். 1914 என்பது ஆனந்த வருஷம். (பெயரைப் பாருங்கள்!) புரட்டாசி மாதம், செப்டம்பர் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நவராத்திரி தொடக்கம். 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள். எம்டன் சுட்ட ராத்திரி, சென்னையில் வீட்டுக்கு வீடு கொலுப்படி இருந்த ராத்திரி. மூன்றாம் பிறை சீக்கிரமே மறைந்துவிடும் என்பதால் ஒன்பதரை மணிக்குக் கடல் நல்ல இருட்டாகவும் இருந்திருக்கும். 1942 ஏப்ரலில் கொலு ஏது? 1943 அக்டோபரில் குண்டு விழுந்தபோதும் விஜயதசமி முடிந்து சில நாள் ஆகிவிட்டது. எனவே கொலு என்ற அந்த ஒரு சொல் 1914ஐத் தவிர வேறு எங்கும் பொருந்தாது. ஆயா எந்தப் புத்தகமும் படித்ததில்லை. எனக்குத் தெரிந்து எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கொலுவைப் பற்றிப் பேச்சில்லை. கண்ணால் பார்த்தவளுக்கு மட்டுமே அது தெரிந்திருக்க முடியும்.

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை ஒன்று உண்டு. பலசரக்குக் கடையைப் பரப்பிக்கொண்டு தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் செட்டிச்சி கிடையாது. எம்டன் சுட்ட ராத்திரி அதிர்ச்சியில் படியிலிருந்து விழுந்து உடைந்துபோனாள் என்பது ஆயா சொன்னது. அதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் சிரித்தார்கள்.

கோர்ட்டில் இது அடிக்கடி நடக்கும். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் ஒருவர், அன்று மழை பெய்தது என்பார். அன்று மழையே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் ருசுப்படுத்துவார். உடனே, "கனம் நீதிபதி அவர்களே, இந்தச் சாட்சி சொன்னது அனைத்தும் பொய்" என்பார். ஒன்றில் பொய் என்றால் எல்லாவற்றிலும் பொய் என்று ரோமாபுரிக் காலத்துப் பழமொழி ஒன்று உண்டு. வக்கீல்கள் அதை லத்தீனில் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விதி இந்தியாவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கொள்வது நீதிபதியின் வேலை. நெல்லும் பதரும் பிரிக்கவே முடியாதபடி கலந்திருந்தால் மட்டுமே முழுவதையும் தள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பிறழ்சாட்சி' என்கிறோமே, அது வேறு. அவர் போலீசில் ஒன்று சொல்லிவிட்டு, கோர்ட்டில் தெரிந்தே மாற்றிச் சொல்பவர். மழை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் மழை உண்மையாகவே பெய்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்து, 1932ல் புத்தகமாகப் போட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்தார். பிறகு பல நாள் கழித்தும், மாதங்கள் கழித்தும் அதைத் திரும்ப எழுதச் சொன்னார். கதையில் வந்த மரத்தோணி அவர்கள் எழுதும்போது சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறிவிட்டது. புரியாத இடம் கழன்று விழுந்துவிட்டது, பழக்கமானது அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

நம் தர்க்க சாஸ்திரக்காரர்களும் நினைவை மெய், பொய் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அன்னம்பட்டர் எழுதி, சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகத்தில் இது வருகிறது. முதலில் கண்டது சரியானால் நினைவும் சரி, கண்டது தப்பானால் நினைவும் தப்பு என்பது அவர்கள் கணக்கு. பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆயா விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. அவள் 1914ல் கண்டதும் சரி, 1942ல் கண்டதும் சரி. கண்டதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டும் உள்ளே போய் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டதில்தான் பிசகு. இரண்டு தடவையும் அதே கடல், அதே தெரு, அதே பயம், அதே மூட்டை முடிச்சு. ஜெர்மன்காரன் யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஜப்பான்காரனைப் பற்றி 1942ல் தெருவெல்லாம் பேச்சு. பெயர் தெரியாதவன் இருந்த இடத்தில் பெயர் தெரிந்தவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

கல்வெட்டுப் பக்கம் கேட்ட இன்னொரு பேச்சு, செண்பகராமன் கதை. அது ஆயாவின் பிசகு போலச் சாதாரணமானதல்ல. இது அச்சிலும் மேடையிலும் ஏறிவிட்டது. எம்டனில் செண்பகராமன் பிள்ளை என்ற தமிழர் அதிகாரியாக இருந்தார், நம் மக்கள் மேல் குண்டு விழாதபடி பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்று பலர் நிச்சயமாகச் சொல்வார்கள். சின்ன வயதில் படித்ததாக, ஏன், தாத்தா நேரில் பார்த்ததாகக்கூடச் சொல்வார்கள்.

செண்பகராமன் 1891 செப்டம்பர் 15ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே ஐரோப்பா போய்விட்டார். 1914ல் எம்டன் சிங்தாவை விட்டுக் கிளம்பியபோது அவர் இருந்தது சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்தில். இந்தியாவுக்கு ஆதரவாக அங்கே ஒரு சர்வதேசக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லினுக்குப் போய், அங்கிருந்த இந்தியப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில், பிரிட்டிஷ் கப்பல்கள் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு கப்பலில், நடுக்கடலில் அவர் எப்படி ஏறினார் என்று யாரும் விளக்கியதில்லை. எம்டனில் இருந்து தப்பிய அதிகாரிகள் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலில் பூனை குட்டி போட்டதையும், பிடித்த கப்பல்களின் பெயர்களை அந்தக் குட்டிகளுக்கு வைத்ததையும்கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இந்திய அதிகாரி இருந்திருந்தால் அவரை விட்டிருப்பார்களா?

இந்தப் பிசகு எனக்கு வருத்தம் தருகிறது. ஆயாவின் பிசகில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதில் இரண்டு நஷ்டம். அன்று இரவு உயிர்விட்ட மனிதர்கள் கதையிலிருந்தே காணாமல் போனார்கள். நம் ஆள் பார்த்துப் பார்த்துச் சுட்டார் என்றால் செத்தவர்களுக்கு இடம் ஏது? அடுத்தது, செண்பகராமன் உண்மையில் செய்த வேலை மறைந்துபோனது. சூரிச்சில் இருந்துகொண்டு, இருபத்து மூன்று வயதில், கையில் காசில்லாமல் ஒரு சாம்ராஜ்யத்துக்கு எதிராகக் குழு நடத்தியது சின்ன காரியமா? 1915 டிசம்பரில் ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த தற்காலிக இந்திய அரசாங்கத்தில் வெளிநாட்டு விவகாரத்துக்கு அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். இதையெல்லாம் கேட்டால் தெரியாது என்பார்கள். எம்டன் என்றால் மட்டும் தெரியும் என்பார்கள்.

அவர் 1934 மே 26ஆம் தேதி பெர்லினில் காலமானார். மனைவி லட்சுமிபாய் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1966 செப்டம்பர் வரை, முப்பத்திரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தார். இந்தியக் கடற்படையின் 'டெல்லி' என்ற குரூசர் அதைக் கொச்சிக்குச் சுமந்து வந்தது. அந்த 'டெல்லி' முதலில் 'அகில்லஸ்' என்ற பெயரில் நியூசிலாந்துக் கடற்படையில் இருந்த கப்பல். 1939ல் தென் அமெரிக்கக் கடலோரத்தில் ஜெர்மனியின் 'கிராஃப் ஷ்பே' என்ற போர்க்கப்பலோடு மோதியது. அந்த ஜெர்மன் கப்பலுக்கு யார் பெயரை வைத்திருந்தார்கள் என்றால், எம்டன் எவருடைய படையிலிருந்து பிரிந்து சென்னைக்கு வந்ததோ, அதே அட்மிரல் ஷ்பேயின் பெயரை. செண்பகராமன் போர்க்கப்பலில் நம் கரைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.